பச்சைக் குறியும் சர்க்கரை அளவும்

கடைப் பண்டம் வாங்கும்போது நாம் முதலில் நோக்குவது உறையின்மீதுள்ள பச்சைக் குறியையே. அது சைவ உணவின் அடையாளமாக இருந்து வருகிறது. முட்டை கலந்துள்ளதோ என்றும் ஆராய்கிறோம். ஐயம் தீர்ந்ததும் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறோம். அதே உறையில் சர்க்கரையின் அளவும் அச்சிடப்பட்டுள்ளது. அதனை நாம் படிப்பதில்லை.

விடுமுறைக்கு வந்த பத்து வயதுப் பெயரன் குளக்கரை வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கினான். பள்ளியில் கேலி செய்வதால் விளையாடச் செல்வதில்லை என்றான். கொழுகொழுவென்று இருக்கிறான் என மகிழ்ந்தவர்களும், பிஸ்கட்டும் குளிர்பானமும் வாங்கித் தந்தவர்களும் நாமே. குற்றம் குழந்தையினுடையதன்று.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் மிகு எடையுடையோர் 2015-16இல் 2.1 விழுக்காடு, 2019-21இல் 3.4 விழுக்காடு. இதனைத் தடுக்க ஒரு வீடு மட்டும் முயன்றால் போதாது. ஊரே முயல வேண்டும்.

இதற்குச் சான்றாக, பிரான்சு நாட்டின் வடபகுதியில் ஃப்ளெர்பே, லாவென்டி என்னும் இரு சிற்றூர்கள் உள்ளன. 1992இல் அங்குள்ள பள்ளிகளில் உணவுப் பாடம் தொடங்கிற்று. பின்னர் மருத்துவர், வணிகர், விளையாட்டுக் கழகத்தார் ஆகியோரும் இணைந்தனர். 2004இல் அவ்வூர்களில் மிகு எடையுடைய குழந்தைகள் 8.8 விழுக்காடு, ஒப்பிட்டுப் பார்த்த பிற ஊர்களிலோ 17.8 விழுக்காடு.

நம் நாட்டிலும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவிற்குள்ளும் விற்பதை 2020ஆம் ஆண்டின் விதிகள் தடை செய்கின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025இல் தன் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கப் பணித்தது.

சர்க்கரை ஆலை அமைந்த திருவாலங்காட்டில் வாழும் நாம் சர்க்கரையைப் பகையெனக் கருத வேண்டுவதில்லை, அளவறிந்தால் போதும். நாம் செய்யத்தக்கவை வருமாறு:

1. உறையைக் குழந்தையே படிக்கட்டும். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரையுள்ள பானத்தை 250 மில்லிலிட்டர் அருந்தினால் 25 கிராம் உட்செல்லும். தேக்கரண்டி ஒன்றுக்கு 5 கிராம் எனக் கொண்டு, ஐந்து கரண்டிச் சர்க்கரையைத் தட்டில் கொட்டிக் காட்டுக.

2. சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளுக்குச் சுண்டலும் பழமும் வழங்குக.

3. நாள்தோறும் ஒரு மணி நேரம் தெருப்பிள்ளைகள் கூடி விளையாடட்டும். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கத்தைப் பிள்ளைகளும் பேணினால், தொலைக்காட்சியின் முன் நொறுக்குத்தீனிக்கு இடமில்லை.

4. பருத்த குழந்தையைக் கேலி செய்யற்க, பட்டினி போடற்க. வீட்டார் அனைவரும் ஒரே உணவை உண்க. ஐயமிருப்பின் மருத்துவரை நாடுக.

வீட்டுப்பாடம்: இன்று உங்கள் அடுக்களையிலுள்ள உறை ஒன்றை எடுங்கள். பச்சைக் குறியைப் பார்த்தபின் கீழே வையாமல், திருப்பிப் படியுங்கள்.