புலாலும் பயறும்

கரவெட்டியிலே தீபாவளிக் காலத்தில் அயலார் சிலர் கூடி ஆடொன்றை வாங்கி அடித்துப் பங்கிடும் வழக்கத்தை நம் பழைய மாணவர் அறிவர். அதற்குப் பங்கு இறைச்சி என்று பெயர். வெள்ளிக்கிழமையிலோ மச்சச் சட்டி அடுப்பேறாது. ஆறுமுக நாவலர் (1822–1879) புலால் மறுத்தலை வலியுறுத்திய நாட்டிலே இது புதுமையன்று. இன்று மேனாட்டார் பலர் வேறொரு வழியால் இறைச்சியைக் குறைக்கத் தலைப்பட்டுள்ளனர். அவ்வழியை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

மாடு, ஆடு முதலியவற்றின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்கையில் மெதேன் வாயு உண்டாகி ஏப்பமாக வெளிப்படுகின்றது. பூமியை வெப்பமாக்குவதில் அது காபனீரொட்சைட்டினும் வலியது. 2018இல் பூர், நெமெசெக் என்னும் ஆய்வாளர் இருவர் 119 நாடுகளின் பண்ணைக் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டனர். 100 கிராம் புரதம் பெறுதற்கு, இறைச்சிக்கென வளர்த்த மாட்டினால் சராசரி 50 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஒப்பான வாயுக்களும், ஆட்டினால் 20 கிலோகிராமும், பருப்பு வகைகளால் 1 கிலோகிராமிலும் குறைவாகவும் வெளிப்படும் என்பது அவர்தம் முடிபு. பூவரசங் குழை தின்று வளர்ந்து தோட்டத்துக்கு எருவும் தரும் நம்மூர் ஆட்டை அச்சராசரியால் அளப்பது முற்றும் நியாயமாகாது. ஆயினும் அசைபோடும் இயல்பு அதற்கும் உண்டு.

நிற்க. இறைச்சியை விட்டவர் அவ்விடத்தை எதனால் நிரப்புகின்றார் என்பதே நமக்குப் பெரிய வினாவாகத் தோன்றுகின்றது. விரத நாளின் இலையை நோக்குக. சோறு குன்றுபோல், கறிகள் நான்கு, அப்பளம். பருப்போ ஒரு கரண்டி. அது மரக்கறி உணவாகும், புரத உணவாகாது. உலர்ந்த பயற்றிலும் உழுந்திலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அரிசியிற் குறைந்த இலைசின் என்னும் அமினோ அமிலம் அவற்றில் மிகுதி; அவற்றிற் குறைந்த மெதயோனீனை அரிசி ஈடுசெய்யும். தோசைக்கு இரண்டையும் சேர்த்தரைத்த நம் முன்னோர் சுவைக்காகவே செய்தாராயினும் பயன் ஒன்றே. பயற்றின் இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறைவு. தேசிக்காய்ப் புளி அதனை மிகுவிக்கும், உண்டவுடன் பருகும் தேநீர் தடுக்கும். பீ12 உயிர்ச்சத்து பருப்பில் இல்லை. ஆதலின் பாலையும் முட்டையையும் ஒருங்கே விலக்குவோர் அதனை வேறு வழியாற் பெறல் வேண்டும்.

நாம் நாள்தோறும் உண்ணும் மைசூர்ப் பருப்பு, பெயரால் மைசூராயினும், பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலுமிருந்து கப்பலேறி வருவது. பயறோ நெல்லறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டே இரண்டு மாதமளவில் காய்க்கும். அதன் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்குதலின் யூரியா மிகக் குறைவாகவே வேண்டும்.

இது வடமராட்சிக்குச் சிறு செய்தியன்று. நம் மண்ணின் கீழ்க் கிடப்பது சுண்ணக்கல். தோட்டத்திலிட்ட பசளை நைத்திரேற்றாகி அதன் வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமினும் மிகுதியாக அது காணப்பட்டுள்ளது. கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும்.

வெங்காயமும் புகையிலையும் தரும் பணத்தைப் பயறு தராது என்று கமக்காரர் கூறுவது மெய்யே. எனினும் மாசியில் வெறுமையாய்க் கிடக்கும் வயலிற் பயறு விதைப்பதால் வெங்காயத்துக்கு இழப்பில்லை. காய் பறித்தபின் செடியை மண்ணோடு சேர்த்து உழுதுவிட்டால், அடுத்த நெல்லுக்கிடும் பசளையிலும் ஒரு பகுதி மிச்சமாகும்.