பழைய காரும் ஓம் விதியும்

முதலில் ஒரு புதிர்.

1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு மோரிஸ் மைனர் 1000 கார். அதன் சொந்தக்காரர் பல மாதங்கள் பாடுபட்டு அதைப் புதுப்பித்திருக்கிறார். இருக்கைகளுக்குப் புதிய உறை, தரைக்குப் புதிய விரிப்பு, டேஷ்போர்டின் தகட்டுக்கு இரண்டு பூச்சுப் பெயின்ட். மீட்டர்களைத் துடைத்துப் பழைய இடத்தில் பொருத்திவிட்டுச் சாவியைத் திருப்புகிறார். பெட்ரோல் முள் மெல்ல எழுகிறது. பாதி காலியான தொட்டியை ஏறக்குறைய நிறைந்த தொட்டியாகக் காட்டுகிறது. வேகமானியின் உள்ளே இருக்கும் சின்ன பல்புகளைப் போட்டால் அவை மங்கலாக எரிகின்றன. கூடவே, ஹெட்லைட் பிரைட்டில் இருப்பதைக் காட்டும் சிறு விளக்கும், ஹெட்லைட்டைப் போடாமலே மினுக்குகிறது. பெயின்ட் அடிக்கும் முன்பு இவை யாவும் ஒழுங்காகத்தான் இருந்தன. கெட்டுப்போன பாகம் எது?

எந்தப் பாகமும் கெடவில்லை. பெயின்ட்தான் காரணம். அது எப்படி என்று காண்போம்.

மைனர் கார் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த கௌலியில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிற்காலத்தில் புகழ்பெற்ற மினி காரும் அவருடையதே. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். இலங்கையின் சாலைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். மின்னணுச் சாதனம் ஒன்றுகூட இல்லாத எளிய வண்டியாதலால், மின்சுற்றுப் பாடம் படிக்க இதைவிட நல்ல வண்டி கிடைப்பது அரிது.

காணாமற்போன இரண்டாவது கம்பி

வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. மைனரின் பல்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கம்பிதான். இரண்டாவது கம்பி எங்கே? காரின் உடலே அந்தக் கம்பி. பேட்டரியின் ஒரு முனையைத் தடித்த பட்டையால் உடலோடு இணைத்துவிடுகிறார்கள். பல்பைத் தாங்கும் உலோகக் கிண்ணம் உடலைத் தொட்டால் போதும், சுற்று நிறைவடைந்துவிடும். இதை மெக்கானிக்குகள் 'எர்த்' என்பார்கள். நான்கு ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் இதில் எந்தத் தொடர்பும் இல்லை; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மைனரில் இன்னொரு விசித்திரம் உண்டு. இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை உடலோடு சேர்ந்திருக்கும். மைனரில் நேர்முனை சேர்ந்திருக்கிறது. பல்புக்கு இதனால் ஒரு வேறுபாடும் இல்லை. ஆனால் இன்றைய ரேடியோ ஒன்றை யோசிக்காமல் அதில் இணைத்தால், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு மின்னழுத்தம் தலைகீழாகப் போய்ச் சேரும். ரேடியோ அப்போதே பாழ்.

பேட்டரியைக் கழற்றும் முறையும் இங்கேதான் விளங்கும். 'எதிர்முனையை முதலில் கழற்று' என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். மைனரில் அது தவறான யோசனை. உடலோடு சேர்ந்த முனையைத்தான், அது எந்த முனையானாலும் சரி, முதலில் கழற்ற வேண்டும். அதைக் கழற்றும்போது ஸ்பானர் உடலில் பட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டும் ஏற்கனவே இணைந்தவைதானே! மற்ற முனையை முதலில் கழற்றினாலோ, ஸ்பானரே பேட்டரியின் இரு முனைகளையும் இணைக்கும் கம்பியாகிவிடும். 12 வோல்ட் நம்மைத் தாக்காது என்பது உண்மை. ஆனால் அந்த ஸ்பானரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பக்கத்திலேயே இருக்கும். கையில் மோதிரமோ உலோகப் பட்டைக் கடிகாரமோ இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அரை ஓம் செய்யும் வேலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெட்லைட் பல்பு 45 வாட், 12 வோல்ட். அதில் ஓடும் மின்னோட்டம் 3.75 ஆம்பியர், எரியும்போது அதன் மின்தடை 3.2 ஓம். இப்போது பல்பின் எர்த் இணைப்பில் துருவும் பெயின்டும் சேர்ந்து வெறும் அரை ஓம் தடையை உண்டாக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 3.7 ஓம். மின்னோட்டம் 3.24 ஆம்பியராகக் குறைகிறது. பல்புக்குக் கிடைப்பது சுமார் 10.4 வோல்ட், மீதி 1.6 வோல்ட் துருவைச் சூடாக்குவதில் போகிறது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் தன்மையுள்ளது. ஆகவே இந்த 1.6 வோல்ட் இழப்பால் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும்!

இதே அரை ஓம், நம் வீட்டு 230 வோல்ட் சுற்றில் உள்ள 45 வாட் பல்பின் பாதையில் வந்தால்? மின்னோட்டம் 0.2 ஆம்பியர்தான், இழப்பு 0.1 வோல்ட். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்யும் கருவிக்கு மின்னோட்டம் அதிகம் வேண்டும். மின்னோட்டம் அதிகமானால் சிறு தடையும் பெரிய திருடனாகிறது. பழைய கார்களில் புது பல்பு, புது பேட்டரி என்று மாற்றிக்கொண்டே போயும் வெளிச்சம் கூடாததன் இரகசியம் இதுதான்.

இனி நம் புதிருக்கு வருவோம். வேகமானியின் உலோகக் கூடு டேஷ்போர்டுத் தகட்டைத் தொட்டு எர்த் பெற்றுவந்தது. இப்போது நடுவே பெயின்ட். வேகமானிக் கேபிளின் உறையும் உலோகம்தான். ஆனால் கிரீஸ் படிந்து தளர்ந்துபோன வழியாதலால் அதை நம்ப முடியாது. கூட்டுக்குள் இருக்கும் பல்புகளின் மின்னோட்டம் சுற்றை முடிக்க வேறு வழி பார்க்கிறது. அதே கூட்டில்தான் பிரைட் விளக்கின் சின்ன பல்பும் செருகப்பட்டிருக்கிறது. அதன் மறுமுனைக் கம்பி ஹெட்லைட்டின் இழைக்குப் போகிறது. இழையின் மறுபக்கம் உடல். ஆக, மின்னோட்டம் பிரைட் விளக்கின் பல்பு வழியே, ஹெட்லைட்டின் இழை வழியே சுற்றிவளைத்து உடலை அடைகிறது. தொடராக இணைந்ததால் எல்லாப் பல்புகளும் மங்கலாக எரிகின்றன. ஹெட்லைட் மட்டும் ஏன் எரியவில்லை? இந்தச் சொற்ப மின்னோட்டம் அதன் தடித்த இழையைச் சூடேற்றப் போதாது.

பொய் சொல்லும் முள்

பெட்ரோல் முள்ளின் கதை இன்னும் சுவையானது. முன்பே இருந்த மைனர்களில் வேறு வகை மீட்டர். பிந்தையவற்றில் இருப்பது ஈருலோகப் பட்டை மீட்டர். வெவ்வேறு அளவில் விரிவடையும் இரு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்றின்மேல் மெல்லிய கம்பி சுற்றப்பட்டுள்ளது. தொட்டியில் பெட்ரோல் அதிகமானால் மிதவை உயர்ந்து அங்குள்ள தடையைக் குறைக்கும், மின்னோட்டம் கூடும், பட்டை சூடாகி வளையும், முள் நகரும். சூடாகச் சில நொடிகள் ஆவதால் முள் மெதுவாக எழுகிறது. வளைவுகளில் பெட்ரோல் தளும்பினாலும் அது துள்ளுவதில்லை.

இந்த மீட்டருக்கு ஒரே சீரான மின்னழுத்தம் வேண்டும். காரில் அது 12-க்கும் 14-க்கும் இடையே ஏறி இறங்கும். ஆகவே டேஷ்போர்டின் பின்புறம் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு மின்னழுத்தச் சீராக்கியை வைத்தார்கள். அதற்குள்ளும் ஓர் ஈருலோகப் பட்டை! மின்சாரம் வந்ததும் அது சூடாகி வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். இப்படி விட்டுவிட்டு அனுப்புவதால் சராசரியாக 10 வோல்ட்டுக்குச் சமமான வெப்பமே மீட்டருக்குக் கிடைக்கும். கைக்கடக்கமான இந்தத் தந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வியக்கத் தோன்றுகிறது.

ஆனால் சீராக்கியின் பட்டை சூடாக வேண்டுமானால் அதற்கும் எர்த் வேண்டும். அதைப் பொருத்தும் திருகுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் பட்டை சூடாகாது, தொடர்பு துண்டிக்கப்படாது, மீட்டருக்கு முழு மின்னழுத்தமும் போகும். வெப்பம் மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதம் அல்லவா? 10-க்குப் பதில் 13 வோல்ட் என்றால் வெப்பம் 1.69 மடங்கு. முள் அந்த அளவுக்கு மிகைப்படுத்திக் காட்டும். பெட்ரோல் இருக்கிறது என்று நம்பி இரவில் ஊருக்கு வெளியே நின்றுபோகிறவர் இந்த ஒரு திருகால் நிற்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இதே எர்த் குறை தொட்டியின் பக்கம் ஏற்பட்டால் முள் எதிர்ப்பொய் சொல்லும். அங்கே தடை கூடுவதால் மின்னோட்டம் குறைந்து, நிறைந்த தொட்டியும் காலியாகத் தெரியும். ஆகவே முள் எந்தப் பக்கம் தவறுகிறது என்று பார்த்தே எங்கே தேடுவது என்று ஊகிக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பலர் ஓம்மானியை வைத்து இணைப்பைச் சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள். இழைகளில் ஒன்று மட்டும் அறாமல் மிஞ்சிய கம்பியையும் ஓம்மானி நல்ல கம்பி என்றுதான் காட்டும்; அது அனுப்பும் மின்னோட்டம் அவ்வளவு சிறியது. மின்னோட்டம் பாயாவிட்டால் மின்னழுத்த இழப்பும் இல்லை. எனவே விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். வோல்ட்மானியின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையைப் பல்பின் உலோகக் கிண்ணத்திலும் வையுங்கள். ஒரு வோல்ட்டில் ஒன்றிரண்டு பத்தில் பங்கு காட்டினால் கவலையில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த இரு இடங்களுக்கு நடுவேதான் திருடன். முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அவனை நெருங்கலாம்.

திருத்துவது எளிது. திருகின் அடியில் ஒரு சிறு வட்டம் பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் உலோகத்தை வெளிக்கொணர வேண்டும். பல்வாஷர் போட்டு இறுக்கிய பிறகு, காற்றும் ஈரமும் புகாதபடி மேலே வாசலின் தடவ வேண்டும். புதுப் பெயின்டைச் சுரண்ட மனம் வராதவர்கள் தனியாக ஒரு கறுப்புக் கம்பியை உடலின் நல்ல உலோகம் வரை இழுத்துவிடலாம்.

பிரிட்டிஷ் கார்களில் கம்பியின் நிறமே ஒரு மொழி. கறுப்பு என்றால் எர்த். வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, அதுவே ஃப்யூஸைக் கடந்து வருவது. பழுப்பு, எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருப்பது. அதற்கு ஃப்யூஸ் கிடையாது. மைனர் முழுவதிலும் ஃப்யூஸ்கள் இரண்டே இரண்டு. ஹெட்லைட் சுற்றுகூட அவற்றின் வழியே போவதில்லை.

உள் அலங்கார வேலை செய்பவர்கள் அறிய வேண்டியது இந்தப் பழுப்புக் கம்பியைத்தான். விரிப்பையும் அட்டைகளையும் பொருத்தும்போது ஒரு கூரிய திருகு அதன் உறையைத் துளைத்து உடலையும் தொட்டால், சுற்றின் தடை ஓமில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். தடுக்க ஃப்யூஸ் இல்லை. மெல்லிய கம்பி செந்தணலாகி, அருகில் உள்ள புதுப் பஞ்சும் துணியும் தீப்பற்றும். பழைய ரப்பர் உறைகள் காலப்போக்கில் விறைத்து வெடித்துப்போவதால், தொட்டாலே உதிரும் கம்பியை டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிடுவதே அறிவுடைமை. தகட்டுத் துளை வழியே போகும் கம்பிக்கு ரப்பர் வளையமும் கட்டாயம் வேண்டும்.

ஃப்யூஸ் வாங்கும்போதும் எச்சரிக்கை தேவை. பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃப்யூஸில் '35' என்றிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியரே. இன்றைய தட்டை ஃப்யூஸில் எழுதியிருப்பது தாங்கும் அளவு. ஆகவே 35-க்குப் பதில் இன்றைய 35-ஐப் போட்டால், ஃப்யூஸ் உருகும் முன் கம்பி உருகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் ரப்பர்க் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதற்கும் உடலுக்கும் ஒரு தனிப் பட்டை எர்த் தருகிறது. அது அறுந்துபோனால், ஸ்டார்ட்டரின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் சோக் கேபிளின் உறை வழியே பாய முயலும். டேஷ்போர்டில் சோக் குமிழின் பின்னாலிருந்து புகை வந்தால் குறை அங்கே இல்லை, கீழே எஞ்சினருகில் இருக்கிறது!

செய்து பாருங்கள்

கார் பேட்டரியைத் தொடாமல் இதை மேசைமேல் சோதிக்கலாம். இரண்டு டார்ச் செல்கள், இரண்டு டார்ச் பல்புகள், ஒரு வோல்ட்மானி, ஒரு துண்டுப் பென்சில் கரி போதும். பென்சில் கரிதான் நம் துருப்பிடித்த எர்த். ஒரு பல்பைச் செல்களோடு கரி வழியே இணைத்து எரியவிட்டு, கரியின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பல்பைக் கழற்றிவிட்டு மீண்டும் அளவுங்கள். அடுத்ததாக, இரண்டாவது பல்பையும் முதல் பல்புக்கு இணையாக, அதே கரி வழியே இணையுங்கள். இரண்டாவது எரியத் தொடங்கியதும் முதல் பல்பு ஏன் மங்குகிறது? வோல்ட்மானி காட்டும் எண்ணிலிருந்தே விடையை எழுதிவிடலாம்.