சாம்பிள் நன்றாகத்தான் இருக்கும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

தில்லி லக்ஷ்மிபாய் நகரிலிருந்து நீ அனுப்பிய இரண்டு சாம்பிள் டப்பாவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. க்ரீம் அருமை, கண்மை அதைவிட. "இன்றே ஓகே சொன்னால் தீபாவளிக்குள் சரக்கு" என்று ஹரித்வார் ஃபாக்டரிக்காரர் அவசரப்படுத்துகிறார் என்கிறாய். சொல்லாதே. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம்கூடப் போடாதே. நாளைக்குத் தகராறு வந்தால் அவர் எடுத்துக் காட்டப்போவது அதைத்தான்.

சாம்பிள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கெமிஸ்ட் பக்கத்திலேயே நின்று அரைக் கிலோ பீக்கரில் செய்வது அது. உன் க்ரீமில் ஷியா பட்டர் இருக்கிறது. பீக்கரில் சீக்கிரம் ஆறிவிடுவதால் வழவழவென்று வருகிறது. அதே கலவை 300 கிலோ டேங்கில் ஆற மணிக்கணக்காகும். மெதுவாக ஆறினால் ஷியா பட்டர் ரவை மாதிரி குருணை கட்டும். சேர்மானத்தில் ஒரு கிராம்கூட மாறியிருக்காது, யாரும் ஏமாற்றியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் கைக்கு வருவது வேறு க்ரீம்.

ஆகவே நீ ஒப்புதல் தர வேண்டியது பைலட் பேட்ச்சுக்கு. சரக்கு ஓடப்போகும் அதே டேங்க், அதே ஃபில்லிங் மெஷின், நீ வாங்கிய அதே டப்பா, மூடி. "நன்றாக இருக்கிறது" என்று எழுதாதே. பி.ஹெச். எதிலிருந்து எது வரை, கெட்டித்தன்மை எவ்வளவு, நிகர எடை எவ்வளவு என்று எண்ணில் எழுது. வாசனைத் திரவம் யாருடையது, அதன் கோட் எண் என்ன என்பதையும் சேர். பிறகு அந்த பேட்ச்சிலிருந்து மூன்று டப்பாவை சீல் வைத்து, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். ஒன்று உனக்கு, ஒன்று அவர்களுக்கு. மூன்றாவதைப் பிரிக்காமல் வை, சண்டை வந்தால் பிரித்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊர் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் 45 டிகிரி, ஜனவரி ராத்திரியில் 5 டிகிரிக்கும் கீழே. க்ரீமில் இருக்கும் தேங்காய் எண்ணெயோ சுமார் 24 டிகிரியிலேயே உறைகிற சாமான். 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது தொழிலில் வழக்கம். அந்த அறிக்கையைக் கேள். அதற்குள் நீயும் ஒரு டப்பாவைப் பரண்மேல் வை, ஒன்றை ஃப்ரிட்ஜுக்குள்ளும் வெளியிலுமாக மாற்றி மாற்றி வை, ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வை. லேபிள் மை எண்ணெய்க் கையில் அழிகிறதா என்று தேய்த்துப் பார். பெரும்பாலும் அழியும்!

கண்மையை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஈயம், ஆர்சனிக் சேர்மங்களை நிறத்துக்காகச் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாயத்தில் மாசாக வந்தாலும் பத்து லட்சம் பங்கில் ஈயம் 20, ஆர்சனிக் 2, அதற்கு மேல் போகக்கூடாது. ஃபாக்டரி தரும் சான்றிதழோடு நிற்காமல், பைலட் பேட்ச் டப்பாவை நீயே பரிசோதனைக்குக் கொடு. தில்லிப் பல்கலைக்கழகப் பக்கம் ஸ்ரீராம் இன்ஸ்டிடியூட் இருக்கிறதே, 1947-லிருந்து இருக்கும் ஆய்வுக்கூடம், அங்கே விசாரி. க்ரீமுக்குக் கிருமிச் சோதனையும் வேண்டும், அதற்கு மட்டும் 28 நாள். "பிரிசர்வேடிவ் இல்லாதது" என்று போடும் ஆசையை விட்டுவிடு. தண்ணீர் சேர்ந்த க்ரீம் அது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

லேபிளையும் அச்சுக்குப் போகும் முன் வரிக்கு வரி படி. 2020 அழகுசாதனப் பொருள் விதிகள்படி தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், லைசென்ஸ் எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி எல்லாம் வேண்டும். "தேமலைக் குணப்படுத்தும்" என்ற வரியை அடித்துவிடு. குணப்படுத்தும் என்றால் அது மருந்து, அதற்கு வேறு லைசென்ஸ்.

ஃபாக்டரி எங்கே இருந்தாலும் டப்பாவில் இருப்பது உன் பெயர். உன் முதல் வாடிக்கையாளர்கள், அங்கே தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அம்மாக்கள். கண் எரிந்தால் கஸ்டமர் கேர் எண்ணைத் தேட மாட்டார்கள், நேரே உன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

தீபாவளி போகட்டும். கணக்குப் போட்டுப் பார், எப்படியும் முடியாது. பைலட் பேட்ச்சுக்குத் தனியாகப் பணம் கேட்பார், பேரம் பேசாமல் கொடு. மீதி முன்பணத்தை மட்டும் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு என்று மெயிலில் எழுதிவிடு. க்ரீமில் அந்த மல்லிகை வாசனையைப் பாதியாகக் குறைக்கச் சொல். இங்கே ஃபேன் அடியில் உட்கார்ந்தே எனக்குத் தலை வலித்தது, மே மாதம் மெட்ரோ கூட்டத்தில் யார் தாங்குவார்கள்?

அன்புடன்,
சித்தி