ஆங்கில வினைச்சொல்லும் நம் பிள்ளைகளும்

மூன்றாம் தரத்திலிருந்தே நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆயினும் சாதாரண தரப் பரீட்சை வரும்போது வினைச்சொல்லில் தடுமாறுகிறார்கள். மாத்தளை, இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் நாம் நடத்தும் மாலை வகுப்பில், ‘லுக் ஆப்டர்’ என்பதற்குப் பலரும் ‘பின்னால் பார்’ என்றே எழுதியிருந்தனர். அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடியதன் பலன் இது.

தமிழிலும் இப்படித்தானே? ‘பார்’, ‘கொள்’ இரண்டும் சேர்ந்தால் ‘பார்த்துக்கொள்’, அதாவது பராமரி. ‘லுக் ஆப்டர்’ என்பதும் அதுவே. ‘புட் ஆப்’ என்றால் ‘தள்ளிப்போடு’. இவற்றைக் கரும்பலகையில் அருகருகே எழுதியதும் பிள்ளைகளின் பயம் பாதி போய்விட்டது.

காலம் காட்டும் இடம்தான் வேறு. தமிழில் கடைசிச் சொல் மாறும்: பார்த்துக்கொள்கிறார், பார்த்துக்கொண்டார். ஆங்கிலத்தில் முதற்சொல் மாறும்: லுக்ஸ் ஆப்டர், லுக்ட் ஆப்டர். ‘லுக் ஆப்டர்ட்’ என்று எழுதும் பிள்ளை தமிழ் முறையைப் பின்பற்றுகிறது. ஆசிரியர்கள் சிவப்பு மையால் வெட்டுமுன் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். (‘புட்’ இறந்தகாலத்திலும் ‘புட்’தான், அதை மனனம் செய்யத்தான் வேண்டும்.)

பின்னர், வீட்டைப் பற்றி எழுதச் சொன்னோம். தாய் வெளிநாட்டில் வேலைசெய்யும் சிறுமி ஒருத்தி, ‘முன்பு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டார், இப்போது அம்மாயி பார்த்துக்கொள்கிறார்’ என்று ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதினாள். “அடுத்த வருசம் அம்மா வந்திருவாங்க பாதர், அதுக்கு எப்படி எழுதணும்?” என்று கேட்டாள். ‘வில் லுக் ஆப்டர்’ என்று எழுதிக் காட்டினோம்.