அந்தமான் தீவுகளுக்குச் சரக்கு: கப்பலா, விமானமா?

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அன்றாட வாழ்வு சரக்குப் போக்குவரத்தைச் சார்ந்தே இயங்குகிறது. அரிசி, பருப்பு, சிமெண்டு, இரும்புக் கம்பி, மருந்து, மின் உற்பத்திக்கான டீசல் ஆகியவற்றில் பெரும்பகுதி தாய்நிலத்திலிருந்தே வரவேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் 3,80,581 பேர் வாழ்ந்தனர். தலைநகரான போர்ட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அது சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இத்தொலைவைக் கப்பல் ஏறத்தாழ மூன்று நாட்களிலும் விமானம் இரண்டரை மணி நேரத்திற்குள்ளும் கடக்கின்றன. ஆயினும் எந்தச் சரக்கு எவ்வழியே செல்ல வேண்டும் என்பதை வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை.

கட்டணம் கணக்கிடும் முறை

உலக வாணிபச் சரக்கில் எண்பது விழுக்காட்டிற்கும் மேற்பட்ட அளவு கடல் வழியே செல்கிறது. விமானத்தில் செல்வது எடையளவில் ஒரு விழுக்காட்டை எட்டுவதில்லை. ஆனால் மதிப்பில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். எடை குறைந்து மதிப்பு மிகுந்த பொருள்களே வான்வழியை நாடுகின்றன என்பதை இது உணர்த்தும்.

இருவழிகளிலும் எடை, கொள்ளளவு ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதன் மீதே கட்டணம் விதிப்பது பொது வழக்கம். கடல்வழியில் ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்கு இணையாகக் கொள்ளப்படும். வான்வழியில் 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோகிராமுக்கு இணை. அதாவது ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 167 கிலோகிராம். எனவே 30 கிலோகிராம் எடையுள்ள பஞ்சு மெத்தைகள் ஒரு கன மீட்டர் இடத்தை அடைத்தால், விமானத்தில் 167 கிலோகிராமுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். சிமெண்டு போன்ற கனத்த பொருளுக்கு உண்மை எடையே கணக்கில் வரும்.

காலத்தின் விலை

சரக்கு வழியில் தங்கும் ஒவ்வொரு நாளும் அதில் முடங்கிய முதலுக்கு வட்டி ஏறுகிறது. கப்பல் பயணம் மூன்று நாட்களே எனினும், துறைமுகத்தில் காத்திருத்தல், ஏற்றுதல், இறக்குதல் ஆகியவற்றையும் சேர்த்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, விமானத்தால் 15 நாட்கள் மிச்சமாவதாகவும், வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு எனவும், விமானக் கட்டணம் கிலோகிராமுக்கு 40 ரூபாய் கூடுதல் எனவும் வைத்துக்கொள்வோம்.

ஒரு டன் சிமெண்டின் விலை 8,000 ரூபாய் எனில், மிச்சமாகும் வட்டி 39 ரூபாய் மட்டுமே. கூடுதல் கட்டணமோ 40,000 ரூபாய். டன் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள மருந்துக்கும் வட்டி மிச்சம் ஏறத்தாழ 9,860 ரூபாய்தான். வட்டியை மட்டும் கருதினால், டன்னுக்கு ஏறத்தாழ 81 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளுக்கே விமானம் கட்டுபடியாகும்.

ஆகவே வான்வழியை நியாயப்படுத்துவது பெரும்பாலும் வட்டியன்று, அழுகுதலும் அவசரமுமே. கிலோகிராம் 40 ரூபாய் விலையுள்ள காய்கறியில் முப்பது விழுக்காடு கப்பலில் அழுகினாலும் இழப்பு 12 ரூபாயே. அதைத் தவிர்க்க 40 ரூபாய் செலவிடுவது பொருந்தாது. குளிரூட்டப்பட்ட கொள்கலனும், தீவிலேயே காய்கறி பயிரிடுதலும் இதற்கு ஏற்ற வழிகளாகும். உயிர்காக்கும் மருந்துக்கோ இக்கணக்கு பொருந்தாது. தட்டுப்பாட்டின் விலையை ரூபாயில் அளவிட இயலாது.

தீவுகளுக்கே உரிய இடர்ப்பாடுகள்

முதலாவது, திரும்பும் சரக்கின் குறைவு. தாய்நிலத்திலிருந்து நிறைந்து வரும் கப்பலுக்குத் திரும்புகையில் அதே அளவு சுமை கிடைப்பதில்லை. ஒருகாலத்தில் மரம் முக்கியத் திரும்பு சரக்காக விளங்கிற்று. 2002ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளுக்குப் பின் மரம் வெட்டுதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. காடுகளைக் காக்க அது தேவையான நடவடிக்கையே. கொப்பரை, பாக்கு போன்ற விளைபொருள்கள் அவ்விடத்தை முழுதும் நிரப்புவது அரிது. இருவழிச் செலவையும் ஒருவழிச் சரக்கு சுமக்கும்போது, அச்சுமை கடையில் பொருள் வாங்குபவர் மீதே விழுகிறது.

இரண்டாவது, இரட்டைக் கையாளுதல். தலைநகரில் இறங்கிய சரக்கு கார் நிக்கோபார், கச்சால், கேம்பல் பே ஆகிய இடங்களுக்கு மீண்டும் சிறு கப்பலில் ஏற வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஏற்பட்ட ஆழிப்பேரலை தென் தீவுகளின் படகுத்துறைகளைச் சிதைத்தபோது, கரையில் இறக்க வசதியின்றேல் கப்பலில் சரக்கு இருந்தும் பயனில்லை என்பது புலப்பட்டது.

மூன்றாவது, வான்வழியின் வரையறை. விமானச் சரக்கில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தின் அடித்தளத்திலேயே வருகிறது. 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டபோது இவ்வழி சுருங்கிற்று. அக்காலத்தில் ‘லைஃப்லைன் உடான்’ என்னும் ஏற்பாட்டின்கீழ்த் தனி விமானங்கள் மருத்துவப் பொருள்களை ஏற்றிச் சென்றன. மேலும், சமையல் எரிவாயு உருளை போன்ற தீப்பற்றும் பொருள்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விதிகள் இடந்தருவதில்லை.

முடிவுரை

கப்பலும் விமானமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஒன்றன் குறையை மற்றது நிறைவு செய்கிறது. பெருஞ்சரக்குக்குக் கப்பலும், தடுப்பூசி, அவசர உதிரி உறுப்பு, ஏற்றுமதிக்கான புதுமீன் ஆகியவற்றுக்கு விமானமும் உரியன. மழையும் புயலும் மிகுந்த மாதங்களில் கப்பல் தாமதிக்கும் என்பதை முன்னரே கருதி, ஒவ்வொரு தீவிலும் உணவு, எரிபொருள், மருந்து ஆகியவற்றின் கையிருப்பைப் பேணுதல் இன்றியமையாதது. கையிருப்பு போதிய அளவில் இருக்குமாயின், விமானத்தில் கொண்டுவர வேண்டிய அவசரம் குறையும். ஆதலின் சேமிப்புக் கிடங்கிற்குச் செய்யும் செலவைப் போக்குவரத்துச் செலவின் ஒரு பகுதியாகவே திட்டமிடுவோர் கருதுதல் வேண்டும். கடைக்கோடித் தீவில் வாழ்பவருக்குத் தேவையான பொருள், தேவையான வேளையில், தாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறதா என்பதே போக்குவரத்துக் கொள்கையின் உண்மையான அளவுகோலாகும்.