பட்டினி கிடந்த குதிரைக்கு என்ன கொடுப்பது?



காங்கேயம் ரோட்டில் எலும்பு தெரிய ஒரு குதிரை நிற்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு வாளி கொள்ளு வைக்கலாமா?" என்று வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் தம்பி, என்றேன்.

ஊட்டியில் சவாரிக்கு ஆகாத குதிரைகள் தெருவில் விடப்பட்டு, குப்பையோடு பிளாஸ்டிக்கையும் தின்கிற பரிதாபத்தை அறிவீர்கள். மசினகுடி அருகே மாவனல்லாவிலுள்ள ஐபான் அமைப்பின் காப்பகம் அப்படிப்பட்டவற்றை மீட்டுப் பராமரித்திருக்கிறது. இரக்கம் மட்டும் போதாதுங்க, அறிவும் வேண்டும். நீதிமொழிகள் 12:10ஐ எடுத்து வாசியுங்கள். மிருகத்தின் உயிரை அறிந்தால்தானே காப்பாற்ற முடியும்?

நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று தானியம் போனால் இன்சுலின் எகிறும், ரத்தத்தில் பாஸ்பேட் உப்பு குறையும், இருதயம் தளரும். 3 முதல் 5 நாளில் குதிரை செத்தே போகலாம். வயிறு நிறைந்தபின் வரும் சாவு அது!

முதல் 3 நாள், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் அரைக்கிலோ காய்ந்த குதிரை மசால், நல்ல தண்ணீர், அவ்வளவுதான். பிறகு 10 நாள் வரை கொஞ்சங்கொஞ்சமாய்க் கூட்டணும். பனியன் கம்பெனி ஷிப்ட் மாதிரி முறை வைத்தால் ராத்திரியும் கஷ்டமில்லை. குடற்புழு மருந்து, பல், குளம்பு எல்லாம் கால்நடை டாக்டர் பார்த்துச் சொன்னபடி. ஜெபிக்கிறோமே என்று அவரைக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். தேறப் பல மாதம் ஆகும்.

பட்டினி போடுவதும் தெருவில் விடுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் போலீசில் சொல்லாமல் யாருடைய குதிரையையும் அவிழ்த்து வராதீர்கள்.