நம் குழாய்த் தண்ணீர் எந்த ஆற்றுத் தண்ணீர்?

தம்பி தங்கைகளே, கம்போங் மேடான் அடுக்குமாடியில் குழாயைத் திறந்தால் வருவது எந்த ஆற்றுத் தண்ணின்னு கேட்டா, நம்மில் பலர் கிள்ளான் ஆறுன்னு சொல்லிடுவோம். பக்கத்தில் ஓடுவது அதுதானே! ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு, வடக்கே ஓடும் சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது.

2020 செப்டம்பர் 3ஆம் தேதி ஞாபகம் இருக்கா? ரவாங் பகுதியில் தொழிற்சாலைக் கழிவு சுங்கை கோங்கில் கலந்து, அங்கிருந்து சிலாங்கூர் ஆற்றுக்கு வந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. பெட்டாலிங்கும் அதில் அடக்கம். மேல்மாடிக்கு வாளி தூக்கியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

வடிகட்டினால் போதாதா? போதாது. படிகாரம் சேற்றைத் திரட்டிப் படிய வைக்கும், மணல் வடிகட்டும், குளோரின் கிருமியைக் கொல்லும். தண்ணீரில் கரைந்துவிட்ட ரசாயன நாற்றம் இது எதற்கும் அடங்காது.

1998 வறட்சியில் பங்கீடு, 2014இல் மறுபடியும் பங்கீடு. மலையைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, பகாங் தண்ணீரை இங்கே கொண்டு வருகிறார்கள். நாமோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கும் மேல் செலவழிக்கிறோம்!

இந்த வாரப் பயிற்சி: இரவு எல்லாரும் படுத்த பிறகு தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். விடியற்காலை, யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுது. முதலில் கழிப்பறைத் தொட்டியைப் பாருங்க.